நிறம் போனால் நஞ்சு போகுமா?

சாயத் தொழிலினால் கெட்டுப்போன ஜலத்தை ரஸாயனப் பொருள்களைக் கொண்டு சுத்தம் செய்துவிடலாம் என்று தொழில் நடத்துவோர் சொல்கிறார்கள். அது வெறும் கண்துடைப்பு என்று விவசாயிகள் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வழக்குத் தொடங்கி ஒரு தலைமுறைக் காலத்துக்கு மேலாகிறது. வழக்கில் இரு திறத்தாரும் நம்மவரே. ஒருவர் உடுக்கத் துணி தருகிறார். மற்றவர் உண்ணச் சோறு தருகிறார். ஆகையால் ஒரு பக்கத்தைப் புகழ்ந்து மறுபக்கத்தைத் தூற்றுவதால் தேசத்துக்கு யாதொரு நன்மையும் விளையாது. உண்மை எது, அதற்குத் தகுந்த பரிகாரம் எது என்று நிதானமாக ஆராய்வதே பொதுஜனங்களின் கடமையாகும்.

திருவண்ணாமலை ஜில்லாவாசிகளுக்கு இவ்விஷயத்தில் தனியான அக்கறை இருக்கவேண்டுமென்பது நமது அபிப்பிராயம். காவிக்கல்லில் தோய்த்த துணியைத் துறவின் அடையாளமாக வணங்கும் ஊர் அண்ணாமலை. அதே ஜில்லாவைச் சேர்ந்த ஆரணியோ பட்டுக்குப் பலவர்ணச் சாயம் ஏற்றி, புடைவை நெய்து பிழைக்கும் ஊர். ஆரணியை ஒட்டிச் செல்லும் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்கிறது. செய்யாறு பாலாற்றில் சேர்கிறது. ஜில்லாவின் மற்றொரு பக்கத்தில் தென்பெண்ணை ஓடுகிறது. 1958 ஆம் ஆண்டு முதல் சாத்தனூர் அணை அந்த ஜலத்தைத் தேக்கி வருகிறது. அந்த ஆறோ பெங்களூர்ப் பக்கத்துக் கழிவுகளைச் சுமந்துகொண்டு, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் மலைமலையாக நுரை கக்கிவிட்டு வருகிற ஆறு. மேலே இருப்போர் செய்கிற காரியத்தின் பயனைக் கீழே இருப்போர் அனுபவிக்கவேண்டும் என்பது நதிகளின் சட்டம். ஆகையால் கழிவுநீரைப் பற்றிய பேச்சு திருப்பூர்க்காரரின் பேச்சு மட்டும் என்று இங்குள்ளோர் வாளாவிருப்பதற்கில்லை.

முதலில் சாயத்தின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். சோழமண்டலக் கரையிலே சாயவேரைக் கொண்டு சிவப்பும், அவுரியைக் கொண்டு நீலமும் ஏற்றிய துணிகள் கடல் கடந்து சென்ற காலம் ஒன்றிருந்தது. தென்னார்க்காடு அவுரிக்குப் பேர்பெற்ற பிரதேசம். திண்டிவனம் பக்கத்தில் சில இடங்களில் அது இன்றும் பயிராகிறது. சாயம் எடுத்தபின் எஞ்சும் அவுரிச் சக்கை வயலுக்கு எருவாயிற்று. 1856 இல் இங்கிலாந்தில் பெர்கின் என்னும் பதினெட்டு வயது வாலிபர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளைக் கொண்டு ஊதாச் சாயம் ஒன்றைத் தற்செயலாகச் செய்தார். 1897 இல் ஜெர்மானியர் தொழிற்சாலையில் செய்த நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். அதன் பிறகு அவுரியின் ராஜ்யம் கவிழ்ந்தது. 1956 இல் பருத்தி நூலோடு ரஸாயன முறையில் பிணைந்துகொள்ளும் புதுவகைச் சாயங்கள் சந்தைக்கு வந்தன. வெளுக்காத, மங்காத, பளிச்சென்ற நிறங்கள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. உலகம் அவற்றை விரும்பியதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்தச் சாயங்கள் நூலில் தாமே ஏறுவதில்லை. ஜலத்தைவிட்டு நூலின்பால் அவற்றைத் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். சோற்றுப்பையோ, சோடியம் சல்பேட் என்னும் உப்பையோ லிட்டருக்குப் பல பத்துக் கிராம் வீதம் சாயத் தொட்டியில் கொட்டுகிறார்கள். சாயம் நூலைப் பற்றிக்கொள்ளச் சோடா வேண்டும். வேலை முடிந்தபின் உப்பில் ஒரு பிடியும் துணியோடு போவதில்லை. முழுவதும் ஜலத்திலேயே தங்குகிறது. சாயத்திலும் பத்தில் இரண்டு மூன்று பங்கு நூலில் ஒட்டாமல் ஜலத்தோடு போகிறது. பிறகு துணியை அலசுகிறார்கள்; மறுபடியும் அலசுகிறார்கள். ஒவ்வொரு அலசலும் ஆற்றுக்குப் புதிய பாரம். இதில் சாயம் கண்ணுக்குத் தெரிகிறது, உப்புத் தெரிவதில்லை. முழு விவகாரமும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம்.

இனி ரஸாயனச் சுத்திகரிப்பின் யோக்கியதையைப் பார்ப்போம். சாயநீரில் சுண்ணாம்பையும் அன்னபேதியையும் கலந்து கலக்கினால், மிதந்து திரியும் நுண்ணிய அழுக்குகளும் சாயத்தில் ஒரு பகுதியும் திரண்டு சேறாகி அடியில் படிகின்றன. மேலே நிற்கும் ஜலம் தெளிந்து காண்கிறது. ஜலத்தில் கரையாத சாயங்களை இந்த முறை நன்றாகப் பிடிக்கும். நன்றாகக் கரையும் சாயங்களிலோ பெரும்பகுதி இதற்குத் தப்பிவிடும். அவற்றின் நிறத்தை அழிக்கக் குளோரின் மருந்து தெளிப்பதுண்டு. நிறம் போய்விடும், ஆனால் குளோரின் கழிவோடு கூடிப் புதிய நச்சுப் பொருள்களை உண்டாக்கக்கூடும். வேறு சில மருந்துகள் சாயத்தின் பிணைப்பை அறுத்து நிறத்தை ஒழிக்கும். அறுபட்ட துண்டுகளில் சில, சாயத்தைவிடக் கொடியவையாக இருப்பதும் உண்டு.

இவற்றைவிட மேலான முறைகள் இல்லாமலில்லை. 1894 இலேயே பென்டன் என்னும் ஆங்கில ரஸாயன சாஸ்திரி, ஹைட்ரஜன் பெராக்ஸைடும் இரும்பு உப்பும் சேர்ந்து உண்டாக்கும் தீவிரமான மாறுதலைப் பற்றி எழுதினார். அம்முறையைச் சாயநீருக்கும் கையாளுகிறார்கள். அதற்கு ஜலத்தை முதலில் புளிக்கச் செய்து, வேலை முடிந்தபின் மறுபடி சமப்படுத்தவேண்டும், சேறும் மிஞ்சும். ஓஸோன் வாயுவைச் செலுத்தினால் சேறில்லாமலே நிறம் நீங்கும்; மின்சாரச் செலவோ அதிகம். இவை யாவும் நல்ல முறைகளே. ஆனால் இவற்றுள் எதுவும் கரைந்த உப்பைத் தொடுவதில்லை என்பதைப் பொதுஜனங்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும். மருந்து போடப் போட, சில முறைகளில் உப்பின் அளவு கூடவே செய்கிறது. கண்ணாடிபோல் தெளிந்து ஓடும் ஜலம் பயிரைக் கருக்குவதும், மண்ணை இறுகச் செய்வதும், கிணற்றைக் கரிக்கச் செய்வதும் இதனாலேதான். கரைந்த உப்புக்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது தொழிற்சாலைக் கழிவுநீருக்குச் சர்க்கார் வகுத்த வரம்பு. அந்த வரம்பைச் சுண்ணாம்பும் அன்னபேதியும் காப்பாற்றித் தரமாட்டா.

இதற்குச் சாட்சி நொய்யல் நதி. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் காவிரியில் கலக்கிற சிறு நதி அது. திருப்பூரின் பனியன் வியாபாரம் 1980 க்குப் பின் உலகமெங்கும் பரவிற்று. சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. நொய்யலின் கீழ்ப்பகுதி விவசாயிகளின் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் அணையொன்று கட்டி 1992 இல் முடித்தார்கள். சில வருஷங்களுக்குள் அந்த அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறிப்போயிற்று. யாருக்காக அணை கட்டப்பட்டதோ அந்த விவசாயிகளே, 'தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள்' என்று கோர்ட்டுக்குப் போய் முறையிட நேர்ந்தது. மழைக்கு ஏங்கும் நாட்டில் குடியானவன் அணைத் தண்ணீரைக் கண்டு அஞ்சி ஓடினான் என்றால், அதைவிடப் பரிதாபமான காட்சி வேறென்ன இருக்கமுடியும்?

அந்தக் காலத்தில் திருப்பூரில் சுத்திகரிப்பு நிலையங்களே இல்லையென்று எண்ணிவிடவேண்டாம். பட்டறைகள் தனித்தனியே வைத்தவையும் இருந்தன. பலர் கூடி வைத்த பொது நிலையங்களும் இருந்தன. அவற்றில் நடந்தது பெரும்பாலும் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலக்கும் வேலைதான். நிலையம் இருக்கிறதா என்று கேட்ட உத்தியோகஸ்தருக்கு நிலையம் இருந்தது. நிறம் குறைந்ததா என்று கேட்டவருக்கு நிறமும் குறைந்தது. உப்பு மட்டும் இரவும் பகலும் ஆற்றோடு போய் அணையில் குவிந்தது. சேற்றைச் சாக்குகளில் கட்டி அடுக்கினார்கள். அதை எங்கே கொண்டுபோவதென்பது மற்றொரு பிரச்சினையாயிற்று. பரிகாரம் செய்ததாகச் சொல்லிக்கொண்டே குற்றத்தை வளரவிட்ட கதை இது.

பரிகாரம் வந்தது கோர்ட்டின் வாயிலாக. வடார்க்காட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பாலாற்றைக் கெடுத்ததைப் பற்றிய வழக்கில், 1996 ஆகஸ்டில், கெடுத்தவனே அதற்குரிய செலவைக் கொடுக்கவேண்டும் என்ற கொள்கையை சுப்ரீம் கோர்ட்டு இந்நாட்டின் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. திருவண்ணாமலை ஜில்லா 1989 வரையில் அந்த வடார்க்காட்டின் அங்கமாகவே இருந்தது என்பதை வாசகர்கள் அறிவார்கள். அந்தத் தீர்ப்பை ஒட்டி ஏற்பட்ட அதிகார சபை, நொய்யல் பாசனத்தில் நஷ்டமடைந்தவர்கள் 28,000 பேருக்கு மேற்பட்டவர்கள் என்று கண்டு, ஏறக்குறைய 25 கோடி ரூபாய் நஷ்டஈடு விதித்தது. 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டு, ஒரு துளிக் கழிவுநீரும் வெளியே விடலாகாது என்றும், அதற்குள்ளே விடும் நீருக்கு லிட்டர் கணக்கில் பணம் கட்டவேண்டும் என்றும் கட்டளையிட்டது. பட்டறைக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் மூன்று மாத அவகாசம் மாத்திரம் கிடைத்தது. அதன் பின்னும் ஆற்றில் கழிவு ஓடியபடியால், 2011 ஜனவரியில் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடும்படி ஹைகோர்ட்டு உத்தரவு பிறப்பித்தது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர்களின் அடுப்பும் நின்றது.

தொழிலாளிக்கு நேர்ந்த அந்தத் துயரத்தை நாம் சிறிதாக மதிக்கவில்லை. ஆனால் அதற்குக் காரணம் விவசாயிகளா, கோர்ட்டா? பதினைந்து வருஷ காலம் எச்சரிக்கை பெற்றும் காரியத்தைத் தள்ளிப்போட்டவர்களும், தள்ளிப்போட இடங்கொடுத்த உத்தியோகஸ்தர்களும் அல்லவா காரணம்? காலத்தில் செலவிட்டிருந்தால் கூலிக்காரன் பட்டினி கிடந்திருக்க மாட்டான்.

மூடிய பட்டறைகள் பிறகு திறந்த விதம் கவனிக்கத்தக்கது. ராஜ்ய சர்க்கார் வட்டியில்லாக் கடனாகச் சுமார் 200 கோடி ரூபாய் தந்தது. பொது நிலையங்களில் மெல்லிய சவ்வுகளின் வழியே ஜலத்தை அழுத்திப் பிழிந்து, உப்பைப் பிரிக்கும் யந்திரங்கள் அமைந்தன. மிஞ்சிய உப்புநீரைக் கொதிக்கவைத்து உப்பை மீட்கும் கொப்பரைகள் வந்தன. சோற்றுப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டை உபயோகித்து, மீட்ட உப்புநீரை மறுபடியும் சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறையும் கைவந்தது. பத்தில் ஒன்பது பங்கு ஜலம் திரும்பக் கிடைக்கிறது. முடியவே முடியாதென்று கோர்ட்டில் வாதாடிய காரியம் முடிந்துவிட்டது. திருப்பூர் வியாபாரமும் அழிந்துவிடவில்லை. இந்த உண்மையைத் தமிழ்நாட்டின் மற்ற ஜில்லாக்கள் மறக்கலாகாது. ரஸாயன மருந்துகள் இந்த ஏற்பாட்டிலும் உண்டு, அவை முதற்படி. முதற்படியையே மாடியென்று காட்டி ஏமாற்றியதுதான் பழைய தவறு.

மற்றொன்றும் நடந்தது. திருப்பூரில் காவல் கடுமையானவுடன் அயல் ஜில்லாக்களில் சாய வேலை ஒளிந்து நடப்பதாகப் புகார்கள் எழுந்தன. ஒரு ஊரில் அடைத்த சாக்கடை, காவலில்லாத மற்றொரு ஊரில் திறக்கும். நெசவும், ஏரிகளும், மலிவான நிலமும் உள்ள திருவண்ணாமலை ஜில்லா விழிப்பாக இருக்கவேண்டிய காரணம் இதுவே. சட்டம் இல்லாமலில்லை. ஜலத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் மத்திய சட்டம் 1974 இலேயே வந்தது. ஆறு ஏரிகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் கடுமையாகக் கெடுக்கும் தொழில்களைத் தொடங்கலாகாதென்று 1989 இல் ராஜ்ய சர்க்கார் உத்தரவிட்டது. பெண்ணையாறு, பாலாறு முதலிய பெரிய நதிகளுக்கு அந்தத் தூரத்தை ஐந்து கிலோமீட்டராக 1998 இல் உயர்த்தியது. உத்தரவுக்குப் பஞ்சமில்லை, அதைக் கேட்டு வாங்கும் ஜனங்களுக்கே பஞ்சம்.

இந்த விவகாரத்தில் துணி வாங்கும் அன்னிய தேசத்தாரின் பொறுப்பையும் மறைக்கக்கூடாது. சிலவகைச் சாயங்கள் உடைந்தால் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் வெளிப்படுமென்று, அவற்றை ஏற்றிய துணியை ஜெர்மனி 1994 இல் தடுத்தது. நமது சர்க்காரும் 1997 க்குள் அத்தகைய நூற்றுக்கு மேற்பட்ட சாயங்களைத் தடுத்தது. நல்ல காரியமே. ஆனால் அந்தத் தேசத்தார் காத்துக்கொண்டது தங்கள் தோலை. துணியை அலசிய நதியைப் பற்றி அந்தச் சட்டம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. துணி கப்பலேறிப் போகிறது. உப்பு நம் மண்ணில் தங்குகிறது. ஒரு காலத்தில் அன்னியத் துணியை வேண்டாமென்று எரித்த தேசம், இன்று அன்னியருக்குத் துணி செய்து கொடுத்துவிட்டுத் தன் கிணற்றை இழப்பதா? வாங்குகிறவர் கொடுக்கும் விலையில் நதியைக் காக்கும் செலவும் அடங்கியிருக்கவேண்டும். அதைக் கேட்டு வாங்குவது பிச்சையன்று, நியாயமான பாக்கி.

இப்போது ஆரணிக்கு வருவோம். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்ட வெந்நீரில் காய்ச்சிப் பசையை நீக்குகிறார்கள். நூலின் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அந்தப் பசை. அது முழுவதும் ஜலத்தில் கலந்து, அழுகி, நாற்றமெடுக்கிறது. பிறகு சாயம் ஏற்றுகிறார்கள். பட்டுக்கு உபயோகிக்கும் சாயங்கள் நூலை நன்றாகப் பற்றிக்கொள்ளும். பருத்திக்கு வேண்டிய அளவு உப்பும் அதற்கு வேண்டியதில்லை. ஆகவே ஆரணியின் பிரச்சினை திருப்பூரின் பிரச்சினையைவிடச் சிறியது. சிறியதாகையால் எளிதில் தீர்க்கத்தக்கது. மருந்திட்டுத் தெளிய வைப்பதும், கிருமிகளைக் கொண்டு பசையை மக்கச் செய்வதும் இங்கே பெரும்பயன் தரக்கூடும். திருப்பூரைப்போல் கோடிக்கணக்கில் செலவிட்டுக் கொப்பரைகள் வைக்கவேண்டிய அவசியம் வராமலே போகலாம். ஆனால் காரியத்தை இப்போதே தொடங்கினால்தான் அப்படி.

நாம் யோசனையாகக் கூறுவது நான்கு. முதலாவதாக, ஜில்லாவில் எங்கெங்கே எத்தனை சாயத் தொட்டிகள் இருக்கின்றன, அவற்றின் ஜலம் எந்த வாய்க்காலில் போகிறது என்று ஒரு கணக்கு எடுக்கவேண்டும். குற்றம் சாட்டுவதற்காக அன்று. எவ்வளவு பெரிய நிலையம் தேவையென்று அறிவதற்காக. இரண்டாவதாக, சிறு சாயக்காரர்கள் தனித்தனியே நிலையம் வைப்பது ஆகாத காரியம். கூட்டுறவு முறையில் ஒரு பொது நிலையம் வேண்டும். மூலதனத்தில் பெரும் பங்கைச் சர்க்கார் ஏற்கவேண்டும். மூன்றாவதாக, நிறத்தை மாத்திரம் பார்த்து நற்சாட்சி கொடுக்கும் வழக்கம் ஒழியவேண்டும். கரைந்த உப்பு எவ்வளவு, அழுகும் பொருள் எவ்வளவு என்று மாதந்தோறும் அளந்து, அந்தத் தொகைகளைக் கீழ்ப்பகுதிக் கிராமங்களின் பஞ்சாயத்துப் பலகையில் தமிழில் எழுதிவைக்கவேண்டும். நான்காவதாக, மிஞ்சும் சேற்றுக்கு முன்கூட்டியே இடம் வகுக்கவேண்டும். ஏரிக்கரையில் கொட்டிய சேறு முதல் மழைக்கே ஏரிக்குள் வந்துவிடும்.

'நெசவாளியே நலிந்து கிடக்கிறான். அவன் தலையில் இந்தச் சுமையையும் ஏற்றுவதா?' என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. சுமையை அவன்மேல் ஏற்றச் சொல்லவில்லை நாம். பட்டுப் புடைவை வாங்கும் செல்வர்களுக்கு அதன் விலையில் சிறிது கூடினால் குடி முழுகிப்போகாது. லாபத்தில் பெரும் பங்கு பெறும் வியாபாரி கொடுக்கட்டும். வரி வாங்கும் சர்க்கார் கொடுக்கட்டும். நெசவாளியின் கிணறும் அதே நிலத்தடி ஜலத்தைத்தான் இறைக்கிறது என்பதை அவனுக்காகப் பரிந்து பேசுவோர் மறந்துவிடுகிறார்கள். கிணறு கெட்டால் முதலில் விலைகொடுத்துத் தண்ணீர் வாங்கவேண்டியவன் அந்த ஏழையே.

பொதுத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. நதியைப் பற்றிய கிளர்ச்சியை நாற்றம் எடுத்தபின் தொடங்குவது நமது வழக்கம். உப்புக்கு நாற்றமில்லை, நிறமில்லை. அளந்து பார்த்தாலன்றி அது அகப்படாது. ஆகையால் இந்தப் போராட்டத்தில் கோஷத்தைவிடக் கணக்குக்கு வலிமை அதிகம். நொய்யல் விவசாயிகள் வென்றது, ஆண்டாண்டாக அலைந்து, அளந்த சான்றுகளைக் கோர்ட்டின் முன் வைத்தபடியால்தான். அவர்களுக்குத் தீர்ப்புக் கிடைத்தபோது அவர்களுடைய நிலம் உப்பேறிவிட்டிருந்தது. கமண்டல நாகநதிக் கரையிலுள்ள குடியானவனுக்கு அந்தக் கதி நேராதபடி காக்க இன்னும் காலம் இருக்கிறது. சாயக்காரரும் விவசாயியும் எதிரெதிரே கோர்ட்டில் நிற்பதற்கு முன், ஒரே பந்தலில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்படி செய்வது ஜில்லாத் தலைவர்களின் பொறுப்பு. அதை இவ்வருஷமே அவர்கள் மேற்கொள்ளவேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.